ஒரு கவுளி மூச்சு

பீமாராவ் என்று பேரைச் சொன்னால் பழங்காநத்தத்தில் பாதிப்பேர், "அண்ணனுக்குப் பூர்வீகம் ஆந்திராவா?" என்று கேட்பார்கள். அவர் பிறந்தது சோழவந்தானுக்குப் பக்கத்தில், வைகைக் கரையில். பேர் வைத்தவர் அப்பா காளை. எங்கோ ஒரு கூட்டத்தில் மேடையில் கேட்ட பேர் பிடித்துப்போய், அன்று சாயங்காலமே தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு வைத்துவிட்டார். நாற்பத்து மூன்று வயதாகியும் அந்தப் பேருக்கு விளக்கம் சொல்லி முடியவில்லை பீமாராவுக்கு.

பதினெட்டு வருஷமாக அவர் ஒரே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியன். பெரிய இடமில்லை, இருபது படுக்கை, ஒரு தியேட்டர். மயக்க டாக்டர் என்று நிரந்தரமாக யாரும் கிடையாது. ஆபரேஷன் இருந்தால் போன் போகும். அவர்கள் ஸ்கூட்டரில் வந்து, வேலையை முடித்து, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பறப்பார்கள். மெஷினைத் தயார் பண்ணுவதும், ஊசிகளை எடுத்து வைப்பதும், கறுப்பு ரப்பர் பையை அமுக்கி நோயாளிக்கு மூச்சு கொடுப்பதும் பீமாராவ். தானாக மூச்சு கொடுக்கும் மெஷின் அடுத்த வருஷம் வாங்கிவிடலாம் என்று முதலாளி சொல்லத் தொடங்கி ஆறு வருஷமாகிறது. அதுவரைக்கும் பீமாராவின் வலது கைதான் மெஷின்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கொண்டுவந்த பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. பேர் தாமரைச்செல்வி. குடல்வால் வீங்கி, வாந்தி எடுத்து எடுத்து முகம் வற்றிப்போயிருந்தது. நாடி பார்க்கும் கிளிப்பை அவள் விரலில் மாட்டும்போது பீமாராவ் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். நகத்தின் ஓரம் கறுத்து, உள்ளே பச்சை ஏறியிருந்தது. விரல் தோல் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருந்தது. இந்த நகத்தை அவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கும் இதே நகம்தான்.

"வெத்தலக் கொடிக்காலாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே, சோழவந்தான். முகூர்த்த மாசமா, ஆளு கெடைக்கல. வலியோடவே மூணு நாளா வெத்தல கிள்ளி, கழுவி, கவுளி கட்டிக்கிட்டு இருந்தேன்." நூறு வெற்றிலை ஒரு கவுளி. அந்தப் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டே எண்ணுவார்கள், எண்ணிக்கை தப்பாது.

அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாளாக்கும் என்று நினைத்தார்.

"எண்ணுறேண்ணே. பயமா இருந்தா எதையாச்சும் எண்ணுவேன். மேல அந்த லைட்டு எத்தனன்னு எண்ணுறேன்."

"எண்ணும்மா. முடிக்கிறதுக்குள்ள தூங்கிருவ," என்றார் பீமாராவ்.

மயக்க டாக்டர் பவதாரிணி ஊசி போட்டார். படிப்பை முடித்து வெளியே வந்து இரண்டு வருஷம் ஆன டாக்டர், கெட்டிக்காரி, ஆனால் சர்ஜன் சூரியபிரகாஷ் தொண்டையைக் கனைத்தால் கை கொஞ்சம் தடுமாறும். முதலில் தூக்க மருந்து. அடுத்து தசைகளை மொத்தமாகத் தளர்த்தும் மருந்து, தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்காக. அந்த மருந்து உடம்பில் ஐந்து பத்து நிமிஷம்தான் நிற்கும். பிறகு நோயாளி தானாக மூச்சிழுக்க ஆரம்பிப்பார், பையில் ஒரு சின்ன இழுப்பு தெரியும். "ஆரம்பிக்கிறாங்க மேடம்" என்று பீமாராவ் சொல்வார். அதற்கப்புறம்தான் நீண்ட நேரம் நிற்கும் இரண்டாவது மருந்தை டாக்டர் போடுவார். பதினெட்டு வருஷமாக இதுதான் வரிசை.

அன்றைக்கு அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. பத்து நிமிஷமாயிற்று, இருபதாயிற்று. பை செத்த மாதிரி கையில் கிடந்தது. இழுப்பே இல்லாததால் டாக்டரும் இரண்டாவது மருந்தைப் போடவில்லை. சர்ஜன் வீங்கிய குடல்வாலை அறுத்து எடுத்துக் காட்டி, நாற்பதாவது நிமிஷம் கடைசித் தையலையும் போட்டு முடித்தார். மயக்க வாயுவை நிறுத்தினார்கள். இனி அவள் முழித்து, மூச்சிழுத்து, குழாயைத் துப்பப் பார்க்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன, இன்னும் முழிக்கலையா? எனக்கு ஓ.பி.யில கூட்டம் நிக்குது," என்றார் சூரியபிரகாஷ்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

ஐந்து நிமிஷம் போயிற்று. பீமாராவ் பையை அமுக்கினார், விட்டார். ஐந்து வினாடிக்கு ஒருமுறை. அமுக்கினால் அவள் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும், அவ்வளவுதான். கையை எடுத்தால் அவள் இல்லை.

சர்ஜன் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கையைத் தூக்கி விட்டார், கை தொப்பென்று விழுந்தது. "பல்ஸ் ஏறிக்கிட்டே போகுது. ஆக்சிஜன் எங்கயாவது குறைஞ்சு மூளை போயிருச்சோ என்னவோ," என்றார், ஏதோ கரண்ட் போனதைச் சொல்வது போல. "ரிவர்சல் போடுங்க மேடம். போட்டும் எந்திரிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்."

ரிவர்சல் என்பது அந்த இரண்டாவது மருந்தை முறிக்கிற ஊசி. ஆபரேஷன் முடிந்தால் போடுவது வழக்கம், இட்லிக்குச் சட்னி வைக்கிற மாதிரி கேட்காமலே போடுவது. பழக்கதோஷத்தில் பீமாராவே அதைக் காலையில் எடுத்து வைத்திருந்தார். டாக்டர் பவதாரிணி அந்த ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். முகம் வேர்த்திருந்தது.

இந்தத் தியேட்டரில் டாக்டர்கள் பேசுவார்கள், டெக்னீஷியன் எடுத்துக் கொடுப்பான். மீறிப் பேசிய நர்ஸ் ஒருத்தியை மறுநாளே கணக்கு முடித்து அனுப்பியதை பீமாராவ் பார்த்திருக்கிறார். ஊசி முனை டிரிப் குழாயைத் தொட்டது.

"மேடம், ரெண்டாவது மருந்து போடவே இல்லையே," என்றார். "எதுக்கு முறிவு?"

சர்ஜன் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஆனால் பவதாரிணியின் கை நின்றுவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்தார்.

"ஆமா," என்றார் மெதுவாக. "போட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். அண்ணே, முதல் மருந்தே இன்னும் போகல. அதை உடைக்கிற என்சைம் இவங்க ரத்தத்துல வேலை செய்யல."

என்சைம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்று இருக்கும், படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அது உடம்புக்குள் ஓயாமல் வேலை செய்கிற ஒரு பாக்குவெட்டி. ஈரல் அதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. பாக்கு வந்தால் வெட்டும், துண்டு இரண்டும் போய்விடும், பாக்குவெட்டி தேயாது, அடுத்த பாக்குக்கு வாயைத் திறக்கும். ஒரு கண்மூடித் திறப்பதற்குள் இப்படி ஆயிரமாயிரம் வெட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பாக்குவெட்டி உண்டு, ஒன்றின் வாயில் இன்னொன்றின் பாக்கு நுழையாது. அந்த முதல் மருந்தை வெட்டுவதற்கென்று ஒன்று இருக்கிறது. அது இருப்பதால்தான் உலகம் முழுக்கப் பத்து நிமிஷத்தில் மூச்சு திரும்புகிறது. அந்த முறிவு ஊசி செய்வதும் பாக்குவெட்டியைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிற வேலைதான். ஏற்கெனவே படுத்துவிட்டதைக் கட்டிவேறு போட்டிருந்தால் மூச்சு திரும்ப இன்னும் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ.

அப்போதுதான் அதைப் பார்த்தார். டேப் ஒட்டிய இமையின் ஓரத்தில் நீர் கோத்து, நெற்றிப்பொட்டில் இறங்கி, காதுக்குள் போனது.

"மேடம், இந்தப் பிள்ள முழிச்சிருக்கு."

பவதாரிணி குனிந்து பார்த்தார். வாயுவை நிறுத்தி முழுசாக இருபது நிமிஷம் ஆகியிருந்தது. தூக்கம் கலைந்துவிட்டது, தசை மட்டும் கலையவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், அறுத்துத் தைத்த வயிறோடு, மூளை போய்விட்டது என்று சர்ஜன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் அங்கே படுத்திருந்தாள். டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அவசரமாகத் தூக்க மருந்தை எடுத்தார்.

பீமாராவ் அவள் காதருகே குனிந்தார். "தாமரை, நீ சொல்றது எங்களுக்குக் கேக்கலைன்னாலும் நான் சொல்றது உனக்குக் கேக்கும். உசுரு எங்கயும் போகல. மருந்து கலையுற வரைக்கும் நான் மூச்சு குடுப்பேன், கைய எடுக்க மாட்டேன். இப்பத் தூங்கு."

மருந்து போயிற்று. நூற்று நாற்பதில் அடித்த நாடி மெல்ல இறங்கியது. சூரியபிரகாஷ் கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டு காரணம் இருக்கலாம்," என்றார் பவதாரிணி. "பிறவியிலேயே அந்த என்சைம் சரியில்லாம இருக்கலாம். இல்ல, பூச்சி மருந்து அதைப் பிடிச்சு வச்சிருக்கலாம். பூச்சி மருந்துன்னா இனி நான் என்ன குடுக்கணும், எது குடுக்கவே கூடாதுன்னு எல்லாமே மாறும். காலையில அவங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். மருந்து வாடையே கிடையாதுன்னு சொன்னாரு."

பீமாராவ் அந்த நகத்தைப் பார்த்தார். "நீங்க பையப் பிடிங்க மேடம். நான் கேட்டுட்டு வாரேன்."

அவள் புருஷன் கருத்தக்கண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். முப்பத்து நாலு வயது, சொந்தக் கொடிக்கால், வெள்ளைச் சட்டையின் பையில் போன். பீமாராவைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மூச்சு வரல. நாங்க பைய அமுக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். கொடிக்கால்ல எப்பத் தம்பி மருந்து அடிச்ச?"

அவன் முகம் சாத்திய கதவாகிவிட்டது. "மருந்தா? அடிக்கலையே. காலையிலயே டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேனே."

"மூணு நாளா வெத்தல கழுவியிருக்கு அந்தப் பிள்ள."

"வெத்தல கழுவாம யாருண்ணே கட்டுவா?" என்றவன், ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க எந்த ஊரு?"

"உங்க பக்கந்தான்."

"எந்தத் தெரு?"

ஊரைக் கேட்டால் அடுத்தது தெரு. பீமாராவுக்கு இது புதுசா என்ன? வேறொரு நாளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். உள்ளே ஒரு கை பையை அமுக்கிக்கொண்டிருந்தது, அது அவர் கையாக இல்லை என்பதே அவரை உறுத்தியது.

"உங்க கொடிக்காலுக்கெல்லாம் மருந்து அடிச்சுக் குடுத்த தெரு," என்றார். "எங்கப்பா காளை. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தி, வெறுங்கையால மருந்தக் கலக்கி அடிச்சிட்டு வந்து விழுந்தாரு. வாயெல்லாம் நுரை, கண்ணுல தண்ணி ஊத்துது. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்கிட்டக் கேட்டாரு, மருந்து ஏதும் அடிச்சாரான்னு. கொடிக்கால்காரவுக எங்கம்மாகிட்டச் சொல்லி விட்டுருந்தாக, மருந்துன்னு வாயத் தொறந்தா குடிச்சுட்டான்னு எழுதிருவாங்க, போலீஸ் வரும்னு. அம்மா எங்கையக் கிள்ளுச்சு. நான் பதினேழு வயசுப் பய. அவரு மருந்தே தொடல சார்னு சொன்னேன். பக்கவாதம்னு வைத்தியம் பாத்தாங்க. மூணாம் நாள் போயிட்டாரு."

கருத்தக்கண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப நீ சொன்னியே, அதே வார்த்த. அட்சரம் மாறல," என்றார் பீமாராவ்.

அந்தப் பக்கத்து ஆட்கள் செய்கிற தப்பு இது, வேறு யாரும் செய்யமாட்டார்கள். காய்ச்சலை மறைக்கமாட்டார்கள், சாராயத்தை மறைக்கமாட்டார்கள். பூச்சி மருந்து என்று மட்டும் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கமாட்டார்கள். மருந்து என்றால் அங்கே குடித்துச் சாவது ஒன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அடித்ததும் கழுவியதும் தொட்டதும் யாருக்கும் விஷமாகத் தெரியாது.

"சொன்னா எம் மாமனார் வீட்டுல என்ன நினைப்பாக?" என்றான் அவன். "பொண்டாட்டிக்கு மருந்து குடுத்துட்டான்னு ஊரே பேசும்ணே. அவளுக்கும் எனக்கும் போன வாரம் சண்ட வேற."

"ஊரு பேசட்டும். அவ மூச்சு விடட்டும்."

கருத்தக்கண்ணன் படியில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கெழம அடிச்சேன். பத்து நாளு இலை கிள்ளக் கூடாது. முகூர்த்தத்துக்கு யாவாரி நெருக்குனான். மறுநாளே கிள்ளச் சொல்லிட்டேன். தொட்டியில கைய விட்டு அவதான் அம்புட்டையும் கழுவுனா. எஞ் சட்டையையும் அவதான் தொவைச்சா. போன மாசமும் இப்படித்தான்." பிறகு போனை எடுத்து, மருந்து டப்பாவின் படத்தைத் தேடிக் காட்டினான்.

"நாங்க போடுற மருந்த வெட்டித் தள்ள உடம்புக்குள்ள பாக்குவெட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. அந்த மாதிரி ஒண்ணோட வாயில ஆணியச் சொருகித்தான் உன் மருந்து பூச்சியக் கொல்லுது," என்றார் பீமாராவ் போனை வாங்கிக்கொண்டு. "உம் பொண்டாட்டி ரத்தத்துல இருக்கறதுக்கும் சொருகியிருச்சு. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தெரியல. இன்னிக்கு அதுக்குன்னு ஒரு பாக்கு வந்துச்சு, வெட்ட முடியல."

படத்தைப் பார்த்த பவதாரிணிக்குக் கலங்கிய முகம் தெளிந்தது. ரத்தம் எடுத்துத் தல்லாகுளம் லேபுக்கு அனுப்பினார். பூச்சி மருந்து ஏறினால் கண்மணி சுருங்கும், அதை மறுபடியும் பார்த்தார். சாதாரணமாகத்தான் இருந்தது. "இதுக்கு மாத்து ஊசின்னு ஒண்ணு போட்டு உடனே எழுப்ப முடியாதுண்ணே. வெட்ட ஆளில்லைன்னா அந்த மருந்து தானாக் கரையணும். ரெண்டு மணி நேரமோ, அஞ்சு மணி நேரமோ. அதுவரைக்கும் தூக்கமும் மூச்சும் நாமதான் குடுக்கணும். தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்த வேண்டாம், இங்கயே வச்சுப் பாப்போம்." அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வர முடியாது என்றார். சூரியபிரகாஷ் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

பீமாராவ் பையைக் கையில் வாங்கினார்.

அமுக்கினார், விட்டார். ஒரு மணி நேரம். கட்டைவிரல் மரத்துப்போனது. இடையிடையே டாக்டர் வாங்கிக்கொண்டார், ஐந்து நிமிஷம் கையை உதறிவிட்டு மறுபடி இவர் வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரம். லேபிலிருந்து போன் வந்தது: அந்த என்சைம் இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, பை அப்படியேதான் இருந்தது. கதவின் கண்ணாடி வட்டத்துக்கு அப்பால் கருத்தக்கண்ணன் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மூன்று மணி நேரம் ஆனபோது பீமாராவுக்குத் தோளிலிருந்து விரல்வரை தீயாக எரிந்தது. கரையவே கரையாதோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் தன்னையே ஏசிக்கொண்டார்.

மூன்றே முக்கால் மணி நேரம். அமுக்கி விட்டார். விட்ட பை கொஞ்சம் தானாகச் சுருங்கிற்று. கை நடுக்கமாக இருக்கும் என்று நினைத்தார். அசையாமல் உள்ளங்கையை விரித்து, பையை அதன்மேல் கிடத்தினார். மறுபடியும் ஒரு இழுப்பு, கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல.

"ஆரம்பிக்கிறாங்க மேடம்," என்றார்.

பவதாரிணி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவசரப்படாமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் பார்த்து, அவள் தலையைத் தூக்கி, சொன்னதும் கையை இறுக்கிப் பிடித்த பிறகுதான் குழாயை எடுத்தார். கேஸ் ஷீட்டில், கொடிக்கால் வேலையில் மருந்து பட்டது என்று விவரமாக எழுதி, கருத்தக்கண்ணனுக்கும் படித்துக் காட்டினார். குடித்ததாக அதில் எங்கும் இல்லை. அவன் அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னான்.

மறுநாள் காலை பீமாராவ் வார்டுக்குப் போனார். தாமரைச்செல்வி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாய் போட்ட தொண்டை கரகரத்தது. பக்கத்தில் புருஷன், வெறும் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்கதான பைய அமுக்குனது?" என்றாள்.

"நானும் டாக்டரம்மாவும்."

"எனக்கு நெஞ்சு ஏறி எறங்குறது தெரிஞ்சுச்சுண்ணே. நான் ஏத்தல, வேற யாரோ ஏத்துறாக. கண்ணத் தொறக்க வரல. செத்துட்டேனோன்னு பயந்துட்டேன். அப்பறம் எண்ணுனேன். ஒவ்வொரு ஏத்தத்துக்கும் ஒரு வெத்தல. ஒரு கவுளி கட்டி வச்சிட்டேன். அடுத்ததுல எம்பத்தி மூணு. அப்பத்தான் நீங்க காதுல பேசுனீக." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த டாக்டரு மூள போயிருச்சுன்னாரே, அதுவும் கேட்டுச்சு. இல்லன்னு சொல்லணும்னு கத்துனேன். யாருக்கும் கேக்கல."

நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு. நூற்று எண்பத்து மூன்றென்றால் கால்மணி நேரம். வாயு கலைந்ததிலிருந்து ஒன்றுகூடத் தப்பவிடவில்லை அவள்.

நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டு பீமாராவ் வெளியே வந்தார். படிக்கட்டில், நேற்று கருத்தக்கண்ணன் உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தார்.

அப்பா மூன்று நாளும் அசையாமல் கிடந்தார். நினைவில்லை, எதுவும் தெரியாது என்றார்கள். கட்டிலின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பீமாராவ். அப்பாவின் முகத்துக்கு மேலாகத்தான் அம்மா கேட்டாள், டாக்டர்கிட்ட என்னடா சொன்ன என்று. அவர் முகத்துக்கு மேலாகத்தான் இவரும் பதில் சொன்னார். நீ சொன்ன மாதிரியே, அப்பா மருந்தே தொடலன்னு சொல்லிட்டேம்மா என்று. அப்போது அப்பாவின் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. பீமாராவ் துண்டால் துடைத்துவிட்டார். மருந்து உடம்பிலிருந்து வெளியேறுகிற நீர் என்றுதான் இருபத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.